மேற்பரப்புத் தூண்டில் இரைகளின் நிற வரலாறு: ஓசூர் – கிருஷ்ணகிரி நீர்நிலைகளை முன்வைத்து

மேற்பரப்புத் தூண்டில் இரை என்பது நீரில் மூழ்காமல் மிதந்தபடியே இழுக்கப்பட்டு, மீனை ஏமாற்றிக் கவரும் செயற்கை இரை ஆகும். தவளை, வெட்டுக்கிளி, நீரில் விழுந்த பூச்சி, அடிபட்டுத் துடிக்கும் சிறுமீன் போன்றவற்றின் தோற்றத்தையோ அசைவையோ இது ஒத்திருக்கும். இத்தகைய இரைகளுக்கு எந்த நிறம் ஏற்றது என்ற கேள்வி ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. கைவினைஞர், வணிகர், கண் மருத்துவர், விலங்கியலாளர் எனப் பலரும் இதற்கு விடை தேடியுள்ளனர்.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. இங்குள்ள ஏரிகளிலும் அணைகளிலும் இரையின் நிறத்தைத் தீர்மானிப்பது முதலில் நீரின் நிறமே. அந்த நீரின் நிறமோ கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது.

பெயரும் வகைகளும்

தூண்டில் பிடிப்போர் செயற்கை இரையை 'லூர்' என்றே பெரும்பாலும் அழைக்கின்றனர். இக்கட்டுரையில் அது 'போலி இரை' எனக் குறிக்கப்படுகிறது. மேற்பரப்பில் இயங்கும் போலி இரைகளை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

- பாப்பர்: குழிந்த முகம் உடையது. நூலைச் சுண்டினால் 'பொளக்' என்ற ஒலியுடன் நீரைத் தெறிக்கவிடும்.
- நடைக்கட்டை: சுருட்டு வடிவம் கொண்டது. விட்டு விட்டுச் சுண்டும்போது இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிச் செல்லும்.
- விசிறி இரை: முன்னும் பின்னும் சிறு உலோக விசிறி பொருத்தப்பட்டது.
- தவளை இரை: உள்ளீடற்ற மென்மையான நெகிழியால் ஆனது. தூண்டில் முட்கள் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருப்பதால் தாமரை, ஆம்பல், ஆகாயத்தாமரை ஆகியவற்றின் இலைகளில் சிக்காமல் நகரும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி ஏரிகளில் விரால் பிடிக்க நான்காம் வகையே மிகவும் பொருத்தமானது. விரால் செடி அடர்ந்த ஆழமற்ற நீரில் வாழ்வதே இதற்குக் காரணம்.

பழைய சான்றுகள்

போலி இரையைப் பற்றிய மிகப் பழைய விரிவான குறிப்பு, கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஏலியன் என்ற உரோமானிய எழுத்தாளரின் விலங்குகள் பற்றிய நூலில் உள்ளது. மாசிடோனியாவின் அஸ்த்ரேயஸ் ஆற்றில், நீரின் மேல் பறக்கும் ஒருவகை ஈயைப் புள்ளிகளுடைய மீன்கள் எழுந்து பிடித்து உண்ணும். மீனவர்கள் அந்த ஈயை அப்படியே இரையாக்குவதில்லை. மனிதக் கை பட்டால் அதன் இயல்பான நிறம் போய்விடும், சிறகும் வாடிவிடும் என்கிறார் ஏலியன். அதனால் அவர்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைக் கட்டி ஆற்றில் வீசினர்.

இக்குறிப்பின்படி பார்த்தால், போலி இரை தோன்றிய காரணங்களுள் நிறமும் ஒன்று. உண்மை இரையில் நிலைக்காத நிறத்தை நிலைக்கச் செய்யும் வழியாகவே கம்பளியும் இறகும் பயன்பட்டுள்ளன.

தமிழில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிய சான்று சங்க இலக்கியத்திலேயே கிடைக்கிறது. அகநானூற்றின் 36ஆம் பாடல் மதுரை நக்கீரர் பாடிய மருதத்திணைப் பாடல் ஆகும். வளைந்த இரும்பு முள்ளில் இருந்த இரையை விழுங்கிய ஆண் வரால் ஒன்று, ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர் சிதையவும் பாய்ந்து, தூண்டிற்காரனின் இழுப்புக்கு வராமல், கயிற்றால் கட்டப்பட்ட சினமிக்க காளைபோலக் குளத்தைக் கலக்குவதை அப்பாடல் காட்டுகிறது. வராலின் அகன்ற வாயையும் உடலிலுள்ள வரிகளையும் அது குறிப்பிடுகிறது. மீனின் இயல்பும், அது வாழும் செடி அடர்ந்த குளமும், முள்ளில் மாட்டிய பின் அது காட்டும் வேகமும் இன்றும் மாறவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள ஏரிகளில் விரால் பிடிப்பவர் எவரும் அக்காட்சியை உடனே அடையாளம் காண்பர்.

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் விராலுக்கு உயிருள்ள சிறு தவளையையோ சிறுமீனையோ முள்ளில் கோத்து நீர்மேல் ஆடவிடும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. இதில் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை எழவில்லை. அந்த ஏரியில் இருக்கும் தவளையின் நிறமே இரையின் நிறம்.

சென்னை மாகாண அதிகாரிகளும் தூண்டில் கலையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னிந்திய மீன்களைப் பற்றி எழுதியவர்களுள் என்றி சல்லிவன் தாமஸ் குறிப்பிடத்தக்கவர். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த இவர், தென் கன்னட மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றினார். இவருடைய 'தி ராட் இன் இந்தியா' 1873இல் வெளிவந்து, பின்னர் 1881, 1897 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புகள் கண்டது. ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக 'டேங்க் ஆங்கிலிங் இன் இந்தியா' என்ற நூலையும் 1887இல் எழுதினார்.

அக்காலத்து அதிகாரிகளின் கவனம் பெரும்பாலும் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழ்ந்த மாசீர் என்ற பெருங்கெண்டை மீதே இருந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியவற்றுள் கரண்டி இரை முக்கியமானது. அமெரிக்காவின் ஜூலியோ பியூயல் 1852இல் காப்புரிமை பெற்ற இந்த உலோகத் தகடு, வெள்ளி, பித்தளை, செம்பு ஆகிய மூன்று நிறங்களில் அமைந்தது. தெளிந்த நீருக்கு ஒரு தகடு, கலங்கிய நீருக்கு வேறொரு தகடு என நீரின் தன்மைக்கேற்ப மாற்றும் பழக்கம் இத்தகைய இரைகளோடு பரவியது. கரண்டி இரை மேற்பரப்பு இரை அன்று. ஆயினும் நீரைப் பார்த்து நிறம் தேர்வது என்ற எண்ணத்துக்கு அது முன்னோடி.

1946இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த 120 இராத்தல் மாசீர் இன்றளவும் பேசப்படுகிறது. காவிரியில் வாழும் திமில் மாசீருக்கு 'டார் ரமாதேவி' என்ற அறிவியல் பெயர் உரியது என 2018இல்தான் உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டில் அது மிகவும் அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலகின் பெருமீன்களுள் ஒன்று, தனக்குரிய பெயரைப் பெற்ற ஆண்டிலேயே அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது.

வண்ணம் பூசிய மரக்கட்டைகள்

இன்றைய மேற்பரப்பு இரைகளின் வரலாறு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டொவாஜியாக் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே தேனீ வளர்ப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹெடன், குளக்கரையில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்த மரத்துண்டை நீரில் எறிந்தபோது பாஸ் மீன் ஒன்று அதைத் தாக்கியதாக ஒரு கதை வழங்குகிறது. 1890களின் இறுதியில் அவர் மரத்தில் தவளை வடிவ இரைகளைச் செதுக்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெடன் நிறுவனம் விற்பனையைத் தொடங்கியது. அதன் தொடக்ககால மிதவை இரைகளுள் புகழ்பெற்றது வெள்ளை உடலும் நீலத் தலையும் கொண்டது. இயற்கையில் அப்படியொரு உயிரினம் இல்லை. ஆயினும் மீன் அதைக் கடித்தது.

இதிலிருந்து இரண்டு போக்குகள் பிரிந்தன. ஒன்று, கண்ணில் படும் முரண் நிறங்களை நாடியது. வெள்ளை உடலும் சிவப்புத் தலையும் இதன் நிலையான சின்னமாயின. மற்றொன்று, இயற்கையை அப்படியே படியெடுக்க முயன்றது. இந்தியானா மாநிலத்தின் கிரீக் சப் நிறுவனம் 1910களின் இறுதியில் ஓர் எளிய உத்தியைக் கையாண்டது. மரக்கட்டையின் மீது சல்லடைத் துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் வண்ணத்தைத் தெளித்தனர். துணியை எடுத்தபோது கட்டையில் மீன் செதில்களின் வரிசை பதிந்திருந்தது.

1936இல் பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ரபாலா, தக்கையைச் செதுக்கிச் சிறுமீன் வடிவ மிதவை இரை செய்தார். கடையில் வாங்கிய வண்ணம் அவரிடம் இல்லை. சாக்லேட் சுற்றிய மின்னும் தாளை ஒட்டி, உருக்கிய ஒளிப்படச் சுருளை மேற்பூச்சாகத் தடவினார். 1938இல் பிரெட் ஆர்பகாஸ்டின் 'ஜிட்டர்பக்' வந்தது. 1939இல் ஹெடனின் 'சாரா ஸ்பூக்' வந்தது. இவற்றுள் ஜிட்டர்பக்கின் கறுப்பு வடிவம் இரவு மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றது. 1957இல் ஹாரி எலர்ஸ் உள்ளீடற்ற நெகிழித் தவளையை உருவாக்கினார். இன்று தமிழ்நாட்டுக் கடைகளில் தொங்கும் தவளை இரைகள் இவ்வழியில் வந்தவையே.

ஒளிரும் வண்ணங்களின் வரவு இன்னொரு திருப்பம். 1930களில் அமெரிக்காவின் சுவிட்சர் சகோதரர்கள் உருவாக்கத் தொடங்கிய ஒளிர் வண்ணங்கள், நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உள்வாங்கிப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் ஒளியாக வெளிவிடுகின்றன. இதனால் மங்கிய ஒளியிலும் அவை எடுப்பாகத் தெரியும். எலுமிச்சை மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளிர் நிறம் இன்று உலகெங்கும் போலி இரைகளில் காணப்படுவது இதனால்தான்.

மீனுக்கு நிறம் தெரியுமா?

வணிகர்கள் நூற்றுக்கணக்கான நிறங்களில் இரைகளை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மீனுக்கு நிறம் தெரியுமா என்பதே அறிவியலில் முடிவாகாத கேள்வியாக இருந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரக் கண் மருத்துவர் கார்ல் பான் ஹெஸ், மீன்கள் நிறக்குருடு உடையவை என்று உறுதியாகக் கூறினார். இளம் விலங்கியலாளர் கார்ல் பான் பிரிஷ் இதை மறுத்தார். அவர் சிறு ஆற்றுமீன்களுக்கு ஒரு குறிப்பிட்ட நிறத்தோடு உணவைச் சேர்த்துப் பழக்கினார். பின்னர் உணவை நீக்கிவிட்டு, அந்த நிறத்தைப் பல அளவிலான சாம்பல் நிறங்களுக்கு நடுவே வைத்தார். மீன்களுக்கு வெளிச்ச வேறுபாடு மட்டுமே தெரியுமானால் அவை ஏதோவொரு சாம்பலோடு குழம்பியிருக்க வேண்டும். ஆனால் அவை பழகிய நிறத்தையே நாடிச் சென்றன. 1910களில் நடந்த இந்த விவாதத்தில் பிரிஷின் கருத்தே நிலைத்தது. பின்னாளில் தேனீக்களின் நடன மொழியை ஆராய்ந்த இவர், 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

1937இல் பிராங்க் பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாஸ் மீன்களை ஆராய்ந்தார். அவற்றின் பார்வை, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கும் மனிதரின் பார்வையை ஒத்தது என்பது அவர் முடிவு. 2019இல் 'கரண்ட் சுவாலஜி' இதழில் வெளிவந்த ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. பாஸ் மீனின் கண்ணில் பச்சைக்கும் சிவப்புக்கும் ஏற்ற இருவகைக் கூம்புச் செல்களே உள்ளன. அதனால் அது சிவப்பையும் பச்சையையும் எளிதில் பிரித்தறிந்தது. எலுமிச்சை மஞ்சளை வெள்ளையோடும், கறுப்பை நீலத்தோடும் குழப்பிக்கொண்டது. தூண்டில்காரர் தம் பெட்டியில் தனித்தனி அறைகளில் அடுக்கி வைக்கும் நிறங்களுள் சில, அந்த மீனுக்கு ஒரே நிறமாகத் தோன்றக்கூடும் என்பது இதன் பொருள். மீனினங்களின் பார்வை ஒன்றுக்கொன்று வேறுபடும். எனவே பாஸ் மீனின் முடிவை விராலுக்கோ மாசீருக்கோ அப்படியே பொருத்துவது சரியாகாது.

கீழிருந்து பார்க்கும் கண்

மேற்பரப்பு இரையின் நிறத்தைப் புரிந்துகொள்ள, அதை மீன் எங்கிருந்து பார்க்கிறது என்பதை அறிய வேண்டும். மனிதர் இரையின் முதுகைப் பார்க்கிறார். மீனோ அதன் வயிற்றைப் பார்க்கிறது.

நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 48.6 பாகைக்கு மேல் சாய்ந்தால் வெளியேறாமல் நீருக்குள்ளேயே திரும்பிவிடும். பள்ளி இயற்பியலில் வரும் முழு அகப் பிரதிபலிப்பு இதுவே. இதனால் நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஏறத்தாழ 97 பாகை அகன்ற வட்டச் சன்னலுக்குள் மட்டுமே தெரியும். 1 மீட்டர் ஆழத்தில் உள்ள மீனுக்கு இச்சன்னலின் குறுக்களவு சுமார் 2.3 மீட்டர். சன்னலுக்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல ஏரியின் அடித்தரையையே எதிரொளிக்கும். ஆங்கிலேயரான ஆல்பிரட் ரொனால்ட்ஸ், 1836இல் வெளியிட்ட ஈத்தூண்டில் நூலிலேயே ஒளிவிலகலை விளக்கி, மீனின் பார்வையைப் பற்றி எழுதியுள்ளார்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, சன்னலுக்குள் வந்த இரை ஒளிமிக்க வானத்தின் பின்னணியில் தெரிவதால், அதன் நிறத்தைவிட நிழலுருவமே முதலில் புலப்படும். அந்தி நேரத்திலும் இரவிலும் கறுப்பு இரை சிறப்பதற்கு இதுவே காரணம். சிறிதளவு வெளிச்சம் உள்ள வானத்தின் எதிரே மிகத் தெளிவான விளிம்பைத் தருவது கறுப்புதான்.

இரண்டாவது, பல மீன்களின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது மறைந்து வாழ உதவுகிறது. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896இல் இதை விளக்கினார். சிறுமீனைப் போன்ற இரைக்கு வெள்ளை வயிறு பொருந்துவது இதனால்தான்.

மூன்றாவது, இரையின் முதுகில் உள்ள நுணுக்கமான ஓவியம் பெரும்பாலும் மனிதரின் கண்ணுக்கே உரியது. முதலில் மாட்டுவது வாங்குபவர்தான் என்று தூண்டில்காரர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தென்பெண்ணையின் நீர்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் முதன்மை ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருவின் கிழக்குப் புறமாக வந்து, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கிருஷ்ணகிரி அணை 1950களில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. 1980களில் வாகனத் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் இங்கு வந்தன. அதே காலத்தில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு பன்மடங்கு பெருகியது. அந்நகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீர் தென்பெண்ணையைச் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015இல் தீப்பற்றி எரிந்தது நாடெங்கும் செய்தியானது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் உள்ள சலவைப் பொருள்கள் நுரைக்குக் காரணம். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது வெண்ணுரை மலைபோல எழுந்து தரைப்பாலத்தை மூடும் காட்சி, இப்பகுதி மக்களுக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது.

கழிவுநீரோடு வரும் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றன. நீர் பச்சையாகிறது. பாசி மடிந்து மட்கும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது. கெண்டை இனங்கள் மூச்சுத் திணறி இறக்கும்போதும் விரால் தாக்குப்பிடிக்கிறது. செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பால் அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து வாய்திறந்து மூச்சு எடுக்கிறது. தூண்டில்காரர் விராலின் இடத்தை அறிவதும் இந்த அசைவைக் கொண்டே. எனவே ஓர் ஏரியில் விரால் கிடைக்கிறது என்பதை, அந்த ஏரி நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

நீரைப் பார்த்து நிறம் தேர்தல்

1980களில் ஒக்லகாமா பல்கலைக்கழக விலங்கியலாளர் லோரன் ஹில், நீருக்குள் இறக்கி ஒளியை அளந்து எந்த நிறம் ஏற்றது எனக் காட்டும் கருவி ஒன்றை உருவாக்கினார். தெளிந்த நீர், நிறமேறிய நீர், கலங்கிய நீர் என அது நீரை மூன்றாகப் பிரித்தது. கருவி பின்னர் வழக்கொழிந்தாலும் அந்தப் பகுப்பு இன்றும் பயன்படுகிறது. இப்பகுதி நீர்நிலைகளுக்கு அதைப் பின்வருமாறு பொருத்தலாம்.

- தெளிந்த நீர்: மலையடிவாரக் குட்டைகள், கோடையில் தெளியும் காவிரி மடுக்கள் போன்றவை. மீன் இரையை நிதானமாகப் பார்க்கும். இயல்பான பழுப்பு, மங்கிய பச்சை, வெள்ளை வயிறு, ஒளி ஊடுருவும் நிறங்கள் ஏற்றவை.
- பாசியால் பச்சையான நீர்: பச்சை, மஞ்சள் ஒளியே இதில் அதிகத் தொலைவு செல்லும். ஒளிர் மஞ்சள், வெள்ளை, அல்லது இவற்றுக்கு முரணான கறுப்பு ஏற்றவை.
- செம்மண் கலங்கிய நீர்: ஆடி, ஆவணி மழைக்குப் பிந்தைய ஏரி நீர் இத்தகையது. நீல ஒளி விரைவில் மறைந்துவிடும். கறுப்பு அல்லது செம்மஞ்சள் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஆயினும் இங்கே நிறத்தைவிட ஒலியும் அதிர்வுமே முதன்மை பெறுகின்றன.
- செடி மூடிய நீர்: இலைக்கு அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு இரை ஒரு நகரும் நிழல் மட்டுமே. கறுப்பும் அடர் பச்சையும் போதும்.

நீரின் தெளிவை அளக்க எளிய வழி உண்டு. இத்தாலிய வானியலாளர் அஞ்செலோ செக்கி 1865இல் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். இன்றும் உலகெங்கும் ஏரிகளின் நலம் இம்முறையில் அளக்கப்படுகிறது. பழைய எவர்சில்வர் தட்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, அடியில் ஒரு கல்லைக் கட்டி, முடிச்சிட்ட கயிற்றில் இறக்கினால் பள்ளி மாணவரும் பெரியவர் துணையோடு தம் ஊர் ஏரியை மாதந்தோறும் அளந்து பதிவு செய்யலாம். இரையின் நிறத்தைத் தேர உதவும் அதே அளவு, ஏரி ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதையும் காட்டும்.

தவளையும் விரால் குஞ்சும்

நிறத் தேர்வில் அறம் சார்ந்த ஒரு சிக்கலும் உள்ளது. விரால் மழைக்காலத்தில் ஆழமற்ற செடிப் பகுதியில் முட்டையிடும். வெளிவரும் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோலத் திரண்டு மேற்பரப்பில் நீந்தும். தாயும் தந்தையும் அவற்றுக்குக் கீழேயே இருந்து காக்கும். அந்நேரத்தில் குஞ்சுக் கூட்டத்தின் மேல் எது விழுந்தாலும், பசி இல்லாவிட்டாலும், விரால் பாய்ந்து தாக்கும். இரை எந்த நிறத்தில் இருந்தாலும் மீன் கடிக்கும் ஒரே வேளை இதுதான். ஆனால் காவல் மீன் பிடிபட்டால் சில நிமிடங்களிலேயே குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகத் தொடங்கும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே அழிகிறது. செம்மஞ்சள் குஞ்சுத் திரளைக் கண்டால் தூண்டிலை மடக்கிவிடுவது பொறுப்புள்ள தூண்டில்காரரின் வழக்கம்.

உயிருள்ள தவளையை முள்ளில் கோப்பதற்கு மாற்றாகவும் போலி இரை அமைகிறது. இந்தியாவிலிருந்து தவளைக்கால் ஏற்றுமதி 1987இல் தடை செய்யப்பட்டது. வயல்களில் பூச்சிகளை உண்டு உழவருக்கு உதவும் தவளைகள் குறைந்துபோனது அத்தடைக்கு ஒரு காரணம். நெகிழித் தவளை ஒன்று பலமுறை பயன்படும். ஏரித் தவளைகள் ஏரியிலேயே இருக்கும். அதே வேளையில் அறுந்துபோன நைலான் நூலும் நெகிழி இரையும் நீரிலேயே தங்கிப் பறவைகளையும் ஆமைகளையும் சிக்கவைக்கும் என்பதையும் மறக்கலாகாது.

சட்டமும் அனுமதியும்

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்தது. பிரான்சிஸ் டே, தாமஸ் போன்றோர் அதற்கு முன்பே இத்தகைய அழிவைப் பற்றி எழுதி எச்சரித்திருந்தனர். அணைகளிலும் பல ஏரிகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ வழங்கப்படுகிறது. அங்கே மீன்பிடிப்பு பலருக்கு அன்றாட வாழ்வாதாரம். எனவே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர் முன் அனுமதி பெற வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காவிரிக்கரைக் காடுகள் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாகவும், அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி வனச்சரகப் பகுதிகள் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. யானை வழித்தடங்களும் ஆற்றின் மடுக்களும் இதனால் காக்கப்படுகின்றன. சரணாலயத்துக்குள் நுழைவதும் மீன் பிடிப்பதும் வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

இன்றைய நிலை

விடுமுறை நாள்களில் தூண்டில் கோலும் ரீலும் கொண்டு ஏரிக்கரையில் நிற்கும் இளைஞர்களை இன்று ஓசூர்ப் பகுதியிலும் காணலாம். இணையக் கடைகளில் ஒரே தவளை இரை இருபது, முப்பது நிறங்களில் கிடைக்கிறது. இதுவரை கண்ட வரலாறும் அறிவியலும் காட்டுவது, மூன்று நான்கு நிறங்களே பெரும்பாலான தேவைக்குப் போதும் என்பதுதான். கறுப்பு, வெள்ளை, ஒளிர் மஞ்சள், அந்த ஏரித் தவளையின் பச்சை அல்லது பழுப்பு ஆகியவையே அவை.

இந்நான்கனுள் எதை எடுப்பது என்பதை நீர் சொல்லும். நீர் தெளிவாக இருக்கும் இடத்தில்தான் இயல்பான நிறங்களுக்கு வேலை உண்டு. கலங்கலும் பாசியும் நுரையும் மிகும்போது தேர்வு சுருங்கி, முடிவில் கறுப்பும் ஓசையுமே எஞ்சுகின்றன. தென்பெண்ணைக் கரையில் ஒரு தூண்டில்காரர் தம் பெட்டியிலிருந்து மங்கிய பச்சையையும் பழுப்பையும் எடுக்கும் நாள்கள் எத்தனை என்பது, மேலே பெங்களூருவிலும் கீழே ஓசூரிலும் கழிவுநீர் எவ்வளவு சுத்திகரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.